டெர்பி, நாணயம், ஒரு சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப்பந்தயம் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேசப்போகிறேன். டெர்பி பிரபுவும் சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டித்தான் பந்தயத்துக்குப் பெயர் வைத்தார்களாமே, உண்மையா? 1913இல் பெண்கள் வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் மன்னரின் குதிரை முன் பாய்ந்து தற்கொலை செய்துகொண்டதையும் சேர்க்க எண்ணம்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நாணயக் கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1780இல் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயித்த டயோமெட் பன்பரியின் குதிரை. பெயர் ஒருவருக்கு, வெற்றி இன்னொருவருக்கு என்றால் கதை தானாக முளைக்காதா? மூன்று வயதுக் குதிரைகள், ஒன்றரை மைல் என்பதெல்லாம் நீங்களே தேடிக்கொள்வீர்கள்.

என்னை உறுத்தியது கடைசி வரி. ‘தற்கொலை’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படிப் பேசியவன்தான். பல வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் இதையே உணர்ச்சி பொங்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். வயதான ஆசிரியை ஒருவர் காப்பியை நீட்டிக்கொண்டே, “அந்தப் பொண்ணு மனசுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்களா தம்பி?” என்றார். அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

அந்த ஓட்டத்தின் படச்சுருள் இருக்கிறது, பாருங்கள். டாட்டன்ஹாம் திருப்பத்தில் முன்னால் வந்த குதிரைகள் கடந்துபோகின்றன. அதன்பிறகுதான் எமிலி வேலிக்கு அடியில் நுழைந்து வருகிறார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரை ஆன்மர் நெருங்கும்போது கையை உயர்த்துகிறார். மோதல். ஜூன் 4 அன்று விழுந்தவர் 8ஆம் தேதி இறந்தார். அவரிடம் வாக்குரிமை இயக்கத்தின் இரண்டு கொடிகள் இருந்தன, திரும்பிப் போக ரயில் டிக்கெட்டும் இருந்தது. டிக்கெட்டை வைத்து மட்டும் வாதாடினால் அது வக்கீல் வேலை, விடுங்கள். ஆனால் கொடி? கடிவாளத்தைப் பிடிக்கப் போனாரா, கொடியை மாட்டப் போனாரா? மரண விசாரணையிலேயே தற்கொலை என்று தீர்ப்பு வரவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

1912இல் ஹாலோவே சிறையில் மாடியிலிருந்து குதித்தவர்தானே என்பீர்கள். ஆமாம், குதித்தார். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு மூக்கில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றிய சிறை அது. அங்கே செய்ததை எப்சமிலும் செய்தார் என்று எழுத அது போதுமா? உயிரைப் பணயம் வைப்பது வேறு, உயிரை விடப் போவது வேறு.

ஆன்மரிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ், 1928இல் வாக்குரிமை இயக்கத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டின் இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் கொண்டுவந்தார். எமிலியின் நினைவுக்கும் சேர்த்து. உங்கள் பேச்சில் அவருக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். நேரம் போதாவிட்டால் நாணயத்தை விட்டுவிடலாம்.