கழிவில் செய்த உயிர்க்கரி தண்ணீரிலுள்ள மாசை எப்படி நீக்குகிறது?

தேங்காய்ச் சிரட்டை, உமி, கடலைத் தொலி போன்ற கழிவுகளைக் காற்று அதிகம் புகாத கலனில் 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கிடைப்பது உயிர்க்கரி. காற்று தாராளமாகக் கிடைத்திருந்தால் சாம்பல்தான் மிஞ்சும். இங்கே ஆவியாகக்கூடியவை மட்டும் வெளியேறிவிட, நுண்துளைகள் நிறைந்த கரிமக் கூடு தங்கிவிடுகிறது. நன்றாகச் சுட்ட கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு பல நூறு சதுர மீட்டர்கூட இருக்கலாம்.

சாயம், ஈயம் போன்றவை அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. நாயுருவிச் செடியை உரசி நடந்தால் விதைகள் வேட்டியில் ஒட்டுமே, அப்படித்தான். வேட்டி அவற்றை உறிஞ்சுவதில்லை. மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த நீரில் நல்ல கரிப்பொடியைப் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் நிறம் வெளிறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் மாசு அழிவதில்லை, இடம் மாறுகிறது. பரப்பு நிரம்பியதும் கரியே கழிவாகிவிடும். பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

உப்பு விஷயத்தில் கரியை நம்ப முடியாது. திருப்பூர்ச் சாயக்கழிவில் நிறத்தைவிடப் பெரிய தலைவலி அதுதான்.

தெளிந்துவிட்டால் குடிக்கலாம் என்று நினைப்பது தவறு: கரி கிருமிகளைக் கொல்வதில்லை, அடுப்புக்கரியைப் பானையில் போட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.