மூன்று பேர் வேலை செய்யும் சமையலறைக்குக் கம்பனி எதற்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் நான்கு வருடங்களாக இடியப்பம், ரோல்ஸ், மதியச் சாப்பாட்டுப் பொதி செய்து விற்கிறேன். உதவிக்கு மூன்று பெண்கள்; ஒருவர் என் கணவரின் தங்கை, மற்ற இருவர் மலையகத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருப்பவர்கள். இப்போது ஓர் அலுவலகம் நாளுக்கு 120 பொதி கேட்கிறது. வியாபாரப் பதிவும் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டுமாம். மாத முடிவில் பில் கொடுத்தால் 45 நாளில் பணம் தருவார்களாம். தெரிந்த ஒருவர், "பிரைவேட் லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்தால்தான் மதிப்பு, வரியும் குறையும், 85,000 ரூபாவுக்கு எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன்" என்கிறார். ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதியும் (ஈ.பி.எப்) கட்டத் தேவையில்லையாம், எல்லோரும் வீட்டு ஆட்கள் என்று எழுதிவிடலாமாம். 10,000 ரூபா முற்பணம் கொடுத்து மூன்று தாள்களில் கையெழுத்தும் வைத்துவிட்டேன். சரிதானா ஐயா?

பதில்: சகோதரி, உங்களுக்குக் கம்பனி வேண்டாம். அந்த அலுவலகம் கேட்டது வியாபாரப் பதிவு. அதை உங்கள் ஒருவரின் பெயரிலேயே, தனியார் உரிமையுள்ள வியாபாரமாகப் பிரதேச செயலகத்தில் பதியலாம். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. விண்ணப்பப் படிவம், உங்கள் தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அந்த இடத்தில் தொழில் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் ஆகியவைதான் அடிப்படை. கட்டணம் சொற்பம். அந்தச் சான்றிதழைக் கொண்டு போனால் வங்கி வியாபாரப் பெயரில் நடைமுறைக் கணக்கு திறக்கும். அலுவலகம் வியாபாரப் பெயருக்குக் குறுக்குக் கோடிட்டுத் தரும் காசோலையை உங்கள் சொந்தச் சேமிப்புக் கணக்கில் போட முடியாது. அதனால்தான் அவர்கள் கணக்கையும் கேட்கிறார்கள்.

இவ்வளவுதான் விடயம். ஆனால் அந்த மனிதர் உங்களிடம் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு இரவில் நித்திரை வராது.

முதலில் வரி. கம்பனி என்றால் வரி குறையும் என்கிறார். உங்கள் செலவெல்லாம் போக வருடத்துக்கு 24 இலட்சம் ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சொந்தப் பெயரில் என்றால், 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரி நிவாரணம் உண்டு; அவ்வளவுக்கும் வரி இல்லை. மிச்சம் 6 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 சதவீதம் என்பதால் நீங்கள் கட்டுவது 36,000 ரூபா. அதே 24 இலட்சம் கம்பனியின் இலாபமாக இருந்தால் அந்த நிவாரணம் கிடையாது. முதல் ரூபாவிலிருந்தே 30 சதவீதம். 720,000 ரூபா. மிஞ்சியதைப் பங்கிலாபமாக உங்கள் கைக்கு எடுத்தால் அதிலும் 15 சதவீதம் பிடிப்பார்கள். பணிப்பாளர் சம்பளம் என்று எழுதி இதைக் குறைக்கலாம் என்று அவர் அடுத்துச் சொல்வார். குறைக்கலாம்தான். அதற்கு மாதாமாதம் ஒழுங்காகக் கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டும், கம்பனிச் செயலாளர் வேண்டும், கம்பனிப் பதிவாளருக்கு வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று வரிசையாக வரும். எல்லோருக்கும் சம்பளம் உங்கள் இடியப்பத் தட்டிலிருந்துதான் போகும். ஒரு வருடம் வியாபாரமே நடக்காவிட்டாலும் அறிக்கை கொடுக்க வேண்டும். கம்பனியைத் திறப்பது எளிது. மூடுவதற்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"கடன் வந்தால் கம்பனியைத்தான் பிடிப்பார்கள், உங்களைத் தொடமாட்டார்கள்" என்றும் சொல்லியிருப்பார். சட்டப்படி அது சரி. ஆனால் சிறு கம்பனி ஒன்று வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால், முகாமையாளர் முதலில் நீட்டும் தாள் பணிப்பாளரின் தனிப்பட்ட பிணை. கையெழுத்து வைத்தபின் அந்தப் பாதுகாப்பு எங்கே? இரண்டு பேர் பங்காளிகளாகச் சேர்ந்து பெரிய முதலீடு போடுகிறீர்கள் என்றால் கம்பனியைப் பற்றிப் பேசலாம். மூன்று அடுப்புக்கு வேண்டாம்.

பெறுமதி சேர் வரிக்கு (வற்) பதிய வேண்டிய விற்பனை எல்லைக்கு நீங்கள் கிட்டவும் இல்லை. எனவே பில்லில் அந்த வரியைச் சேர்த்துப் போடாதீர்கள். பதிவு இல்லாதவர் அதை வசூலிப்பது குற்றம். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எடுக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை; வருமானத்தையும் வரியையும் காட்டும் விபரத்திரட்டை அதன்பின் வரும் நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

இந்த இணையப் பதிவில்தான் தரகர்களின் பெரிய வித்தை இருக்கிறது. முன்பெல்லாம் அவர்கள் கோப்பைத் தங்கள் மேசைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு காசு கேட்பார்கள். இப்போது கோப்பு இல்லை, கடவுச்சொல் இருக்கிறது. பதிவு செய்யும்போது உங்கள் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் தங்களுடையதைப் போடுவார்கள். கைபேசி இலக்கமும் அவர்களுடையதுதான். "உங்களுக்கு ஏன் அக்கா வீண் தொந்தரவு, குறுஞ்செய்தி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அதன்பின் திணைக்களம் அனுப்புவதெல்லாம் அவர்களுக்குத்தான் போகும். என்னிடம் வந்த ஒரு கடைக்காரர் மூன்று வருடம் இப்படி இருந்தார். நினைவூட்டல்கள் எல்லாம் தரகரின் கைபேசிக்கு வந்திருந்தன; தரகரோ வெளிநாடு போய்விட்டார். கடைக்காரருக்கு விடயம் தெரிந்தது தண்டப்பணம் சேர்ந்த பிறகு. அவருடைய பெயரிலுள்ள கணக்குக்குள் அவரே நுழைய, கடிதமும் சத்தியக் கடதாசியும் எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் நடந்தார். ஆகவே எந்தப் பதிவாக இருந்தாலும் உங்கள் கைபேசி இலக்கம், உங்கள் மின்னஞ்சல். மின்னஞ்சல் இல்லையென்றால் மகனையோ மகளையோ கொண்டு உங்கள் பெயரில் இன்று மாலையே திறந்துகொள்ளுங்கள்.

தரகர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில் எனக்கே ஒருமுறை சிங்களப் படிவத்தை நீட்டி, தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் முடிந்தே இருந்தது. அச்சிடுவதற்குள் முடிந்துபோகும் படிவம் உலகத்தில் இது ஒன்றுதான். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி கொழும்பிலும் நீங்கள் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றலாம், தமிழில் பதிலும் பெறலாம். இதைக் கவுண்டரில் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "தமிழ்ப் படிவம் தாருங்கள்" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். பாதி நேரம் லாச்சிக்குள் இருந்து வந்துவிடும். வராவிட்டால் அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் வரி வரியாகக் கேட்டுவிட்டு நிரப்புங்கள். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இனிச் சேமலாப நிதி. இதில்தான் அவர் உங்களை உண்மையான கிடங்குக்குள் தள்ளப் பார்க்கிறார்.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஓர் ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும். சம்பளத்தில் ஊழியரிடமிருந்து 8 சதவீதம், உங்கள் கையிலிருந்து 12 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து 3 சதவீதம். 40,000 ரூபா சம்பளம் என்றால் உங்கள் செலவு 6,000 ரூபா, ஊழியரிடம் கழிப்பது 3,200 ரூபா. அவர்களுக்கு நீங்கள் போடும் சாப்பாட்டின் பெறுமதியையும் சம்பளத்தோடு சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

குடும்பத்தார் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. உங்கள் தரகர் இதைத்தான் எங்கோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். "மட்டுமே" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து ஒரு கடை நடத்தினால் விலக்கு. அந்தக் கடையில் வெளியாள் ஒருவர் வந்து தேங்காய் துருவத் தொடங்கிய நாளோடு அது போய்விடும். கணவரின் தங்கை குடும்பமா இல்லையா என்று நீங்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை; மற்ற இருவரும் வெளியாட்கள். "மகள் மாதிரி வைத்திருக்கிறேன்" என்று தொழில் திணைக்கள அதிகாரியிடம் சொல்வீர்கள். சொல்லிய பலரை நான் அறிவேன். மகள் மாதிரி என்பவள் மகளல்ல. அவளுக்கு நீங்கள் மாதச் சம்பளம் கொடுக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சாப்பிட்டு உங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்வதால் வீட்டு வேலையாள் என்று எழுதலாமே என்று அடுத்த யோசனை வரும். வீட்டுப் பணியாளருக்கும் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அவர் உங்கள் வீட்டுக்குச் சமைக்கவில்லை, அலுவலகத்துக்கு விற்கும் 120 பொதியைச் சமைக்கிறார். அதிகாரி வந்து பார்க்கும் நேரத்தில் வாழையிலையும் பொதி கட்டும் கடதாசியும் கூரை வரை அடுக்கியிருக்கும். எந்த வீட்டில் தினமும் 120 பேர் சாப்பிடுகிறார்கள்?

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் பார்ப்பார்கள். பத்து நாள் தாமதத்துக்கே 5 சதவீத மேலதிகக் கட்டணம், ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம். இதைவிடக் கொடியது இன்னொன்று. சம்பளம் கொடுக்கும்போது கழிக்காமல் விட்ட ஊழியரின் 8 சதவீதத்தைப் பிறகு அவரிடம் வாங்க முடியாது. அதையும் நீங்களே கட்ட வேண்டும். நான்கு வருடத்தை ஏற்கனவே விட்டுவிட்டீர்கள். தொழில் திணைக்களத்தில் நீங்களாகப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்டினால் போதும். இன்னொன்று, 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. சாப்பாடும் இடமும் கொடுக்கிறேன் என்று அதற்குக் கீழே போகாதீர்கள்.

சமையல் தொழில் என்பதால் மாநகர சபையின் வியாபார உரிமமும் வேண்டும். பிரதேச செயலகப் பதிவு அதற்கு ஈடாகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வடிகால், குப்பை, தண்ணீர், ஊழியரின் வைத்தியச் சான்று எல்லாம் பார்ப்பார். இந்த உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

நீங்கள் கவலைப்படாத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் கவலை. மாத முடிவில் பில், அதிலிருந்து 45 நாள். ஒரு பொதி 350 ரூபா என்றும், அதைச் செய்து கொடுக்க உங்களுக்கு 280 ரூபா செலவாகிறது என்றும் வைப்போம். 120 பொதிக்கு நாளுக்கு 33,600 ரூபா. முதல் மாதம் 22 வேலை நாள், காத்திருக்கும் 45 நாளில் இன்னும் 32 வேலை நாள். முதல் காசோலை கைக்கு வருவதற்குள் 54 நாளின் செலவு, அதாவது 18 இலட்சம் ரூபாவுக்கு மேல், உங்கள் கையிலிருந்து வெளியே போயிருக்கும். அரிசிக் கடையும் தேங்காய்க்காரரும் 75 நாள் கடன் தருவார்களா? தராவிட்டால் நகை அடகுக்குப் போகும், அந்த வட்டியை 350 ரூபாவில் நீங்கள் சேர்க்கவில்லை. நல்ல ஓடர் ஒன்றினாலேயே கடையை மூடிய ஆட்களை இந்தக் கொழும்பில் எத்தனை பேரைக் காட்டுவேன்!

பேசிப் பாருங்கள். பதினைந்து நாளுக்கொரு பில், அடுத்த பதினைந்து நாளில் பணம் என்று கேட்டால் உங்கள் பணம் ஏழரை இலட்சத்துக்குள் நிற்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் 40 பொதியோடு தொடங்குங்கள். எதுவானாலும் எத்தனை பொதி, என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்று எழுத்தில் வாங்குங்கள். பொதியைப் பெற்றுக்கொள்பவர் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டையில் கையெழுத்திடட்டும். வாசலில் நிற்கும் பாதுகாவலர் தலையசைத்ததெல்லாம் கணக்குப் பிரிவில் செல்லாது. வியாபாரக் கணக்கிலிருந்து வீட்டுக்கு எடுப்பதை மாதத்தில் ஒரே நாளில், ஒரே தொகையாக எடுங்கள். மீன்காரருக்கும் மகனின் டியூஷனுக்கும் அதிலிருந்து நேரே கொடுத்தால், பொதிக்கு 70 ரூபா மிஞ்சுகிறதா, ஏழு ரூபா மிஞ்சுகிறதா என்பது உங்களுக்கே தெரியவராது.

கடைசியாக அந்த முற்பணம். நாளைக்கே அவரிடம் போங்கள், தனியாகப் போகாமல் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பனி வேண்டாம் என்று சொல்லி, கையெழுத்து வைத்த மூன்று தாள்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் கேளுங்கள். உங்கள் பெயரில் ஏதாவது பதிந்துவிட்டாரா என்றும் கேளுங்கள். பெயர் சொன்னாரென்றால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பத்தாயிரத்தைத் தர மறுத்தால் அதற்காக வாசலில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம். தாள்களைத் தர மறுத்தால் அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, அதன் பிரதியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.