ப்ளக் மாற்றும் முன் பழைய ப்ளக்கைப் பாருங்கள்: கேள்வி பதில்

ஸ்பார்க் ப்ளக், ப்ளக் ஒயர் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில். பெட்ரோல், கேஸ் வண்டிகளுக்கு மட்டும்தான். டீசலில் இருப்பது க்ளோ ப்ளக், அது தனிக் கதை.

என்னுடையது 1997 மாடல் மாருதி 800, சென்னையில் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு, ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது எஞ்சின் விட்டுவிட்டு எரிகிறது. மூன்று ப்ளக்கையும் மாற்றியாகிவிட்டது. வெயில் அடித்தால் வண்டி சமர்த்தாக ஓடுகிறது. என்ன செய்வது சார்?

வெயிலில் சரியாகி மழையில் படுத்தால் ப்ளக்கை விடுங்கள், ஒயரையும், ஒவ்வொரு ப்ளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் பாருங்கள். ஒயருக்குள் ஓடுவது பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட். மேலே இருக்கும் ரப்பர் நாள்பட்டு வெடித்திருந்தால், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கரண்ட் எஞ்சின் பாடிக்கு ஓடிவிடும். ப்ளக்குக்கு வந்து சேருவதற்கு மிச்சம் இருக்காது.

ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பானட்டைத் திறந்து பாருங்கள். தலைவாரும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் லேசாகப் பனி மாதிரி அடியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி குதிப்பது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

மூடியையும் கழற்றி உள்பக்கம் பாருங்கள். முடி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டியதுதான். கோடு இல்லை, வெறும் ஈரம் என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஒயரை மீட்டரில் கிலோ ஓம் வைத்து அளக்கலாம். நீளமான ஒயருக்குக் கூடுதலாகவும் குட்டைக்குக் குறைவாகவும் காட்டும். அந்தக் கணக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒன்று எகிறினாலோ, மீட்டர் அசையாமல் நின்றாலோ உள்ளே கார்பன் நூல் அறுந்திருக்கிறது. ஆனால் மீட்டரில் சரியாகக் காட்டுகிற ஒயரும் மழையில் கசியும், அதனால் தண்ணீர் சோதனைதான் எனக்குப் பெரிது. வாங்கும்போது செட்டாக வாங்குங்கள். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மொத்தமாகப் பிடுங்கிப் போட்டால் சிலிண்டர்கள் எரியும் 1-3-2 வரிசை குழம்பும். பிடிப்பது ஒயர் நுனியில் உள்ள ரப்பர் தொப்பியை, ஒயரை இல்லை. லேசாகத் திருகிவிட்டு இழுத்தால் வந்துவிடும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே ஒவ்வொரு ஒயராகப் பிடுங்குகிறார் எங்கள் மெக்கானிக். சரியா?

பழைய பாயின்ட் செட் காலத்துப் பழக்கம் அது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில், பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயில் போய்விடலாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடையில் என்.ஜி.கே. கம்பெனியின் 6-ம் நம்பர் ப்ளக் கேட்டேன். இல்லை, பாஷில் 7 இருக்கு, ஒரு நம்பர்தானே கூட என்று கொடுத்துவிட்டார். போடலாமா அண்ணா?

போடலாம், ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு. அந்த எண் ப்ளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியே தள்ளும் என்பதைச் சொல்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறக் குளிர்ச்சியான ப்ளக். பாஷ், சாம்பியனில் எண் ஏறினால் சூடான ப்ளக், நேர் எதிர். அதனால் எண்ணை எண்ணோடு ஒப்பிடவே கூடாது. என்.ஜி.கே. பி.பி.ஆர்.6.இ.எஸ்.-க்கு ஈடாகப் போடுவது பாஷ் டபிள்யூ.ஆர்.7.டி.சி. தான், அதையே டென்சோவில் கேட்டால் 20 என்று வரும். முழுக் குறியீட்டையும் கம்பெனியின் பட்டியலில் சரிபார்த்து வாங்குங்கள்.

நடுவில் வரும் ஆர் எழுத்தையும் விடாதீர்கள். உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம். இ.சி.யு., அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், உள்ள வண்டியில் ஆர் இல்லாத ப்ளக் போட்டால் அதன் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பும். மரையின் நீளமும் முக்கியம். மற்ற எல்லாம் பொருந்தி அது மட்டும் நீண்டுவிட்டால் பிஸ்டன் வந்து இடிக்கும்.

இரிடியம் போட்டால் மைலேஜ் ஏறுமா?

தேய்ந்துபோன ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் போட்டால் ஏறும். புதிய நிக்கல் ப்ளக் போட்டாலும் அதே அளவு ஏறும்.

இரிடியத்தின் பெருமை ஆயுள். உருகுநிலை 2,400 டிகிரிக்கு மேல், நிக்கலுக்கு 1,455தான். அதனால் முனையை ஊசியாகச் செய்தாலும் தேயாது. ஆனால் இரிடியம் என்று பெட்டியில் போட்டதெல்லாம் லட்சம் கிலோமீட்டர் ஓடாது. சிலவற்றில் நடு முனை மட்டும் இரிடியம், மேலே வளைந்திருக்கும் கொக்கி வெறும் நிக்கல், அது முதலில் தேய்ந்துவிடும். இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்ததுதான் நீண்ட நாள் வரும். வண்டியோடு வந்தது நிக்கல் என்றால் நிக்கலே போடுங்கள், மிச்சக் காசுக்கு ஏர் ஃபில்டர் மாற்றுங்கள்.

சான்ட்ரோ ஜிங். கழற்றிய நாலு ப்ளக்கில் இரண்டில் நடு முனை தேய்ந்திருக்கிறது, மற்ற இரண்டில் கொக்கி தேய்ந்திருக்கிறது. கலப்படச் சரக்கா?

இல்லை, நல்ல கேள்வி. இதில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒரு காயில் இரண்டு ப்ளக்குக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும், 1-க்கும் 4-க்கும் சேர்த்து, 2-க்கும் 3-க்கும் சேர்த்து. கரண்ட் ஒரு ப்ளக்கின் நடு முனையிலிருந்து கொக்கிக்குத் தாவி, எஞ்சின் ஹெட் வழியாகப் போய், ஜோடி ப்ளக்கில் கொக்கியிலிருந்து நடு முனைக்குத் தாவித் திரும்பும். திசை மாறுவதால் தேய்மானமும் இடம் மாறுகிறது. நடுவில் கழற்றிச் சுத்தம் செய்தால் அந்தந்த ப்ளக்கை அந்தந்த இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள்.

ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல், இரும்பு தொடங்கும் இடத்தில் காவி வளையம். கேஸ் லீக் என்கிறார்கள்.

லீக் இல்லை. உயர் வோல்டேஜ் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை. பயப்பட வேண்டியது பீங்கான் மேல் நெட்டுக்குத்தாக ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்தால்தான். அங்கே பொறி வெளியே தாவியிருக்கிறது, ப்ளக்கோடு ரப்பர் தொப்பியும் போக வேண்டும்.

எரியும் முனைதான் உண்மையில் படிக்க வேண்டிய இடம். வெளிர் பழுப்போ சாம்பலோ இருந்தால் எஞ்சின் நலம். கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. எண்ணெய் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் போயிருக்கிறது. வெள்ளை வெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் அதிகச் சூடு, அந்த வண்டியை நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். கழற்றியதும் சிலிண்டர் எண்ணோடு வரிசையாக வையுங்கள். நாலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் பொதுக் கோளாறு, ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் கோளாறு. கடைக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

ஹோண்டா சிட்டி, பழைய ஐ-டி.எஸ்.ஐ. சர்வீஸில் நாலு ப்ளக் மாற்றியதாகப் பில். சரிதானே?

பாதி சரி. அந்த எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் 8 ப்ளக். முன்வரிசை நாலு கைக்கு எட்டும், பின்வரிசை எளிதில் எட்டாது. எட்டாததை விட்டுவிட்டுப் பில் போடுபவர்களும் இருக்கிறார்கள். பழைய எட்டையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சி.என்.ஜி. போட்ட பிறகு ப்ளக் சீக்கிரம் போகிறது. ஏன்?

அழுத்திய கேஸில் பொறி தாவ பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் தாக்குப்பிடிக்கிற பலவீனமான ஒயர் கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். நடு முனைக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம், ஆனால் எவ்வளவு என்பது உங்கள் கிட் புத்தகம் சொல்கிறபடி. ப்ளக்கையும் ஒயரையும் பெட்ரோல் கணக்குக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

நானே மாற்றலாமா? முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பானர் இல்லை.

தாராளமாக. எஞ்சின் ஆறட்டும், சூடான அலுமினிய ஹெட்டில் கழற்றினால் மரை போகும். கழற்றும் முன் ப்ளக் உட்காரும் குழியில் உள்ள மண்ணைக் காற்றால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் போகும். குழியில் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் சீல் போயிருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியதை ஒரு ரப்பர் குழாய்த் துண்டில் செருகிக் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், அதனால் ஹெட் பிழைக்கும். வாஷர் உள்ள புது ப்ளக் என்றால், கையால் இறுகிய பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். கழற்றிய பழையதையே திரும்ப மாட்டினால் அதில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கலில் தெரியாமலே கூடுதலாக முறுக்கிவிடுவீர்கள். சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டிய இடம் ரப்பர் தொப்பியின் உள்விளிம்பு, அதுவும் ஒரு பொட்டு.