குளவி கொட்டியதிலிருந்து வெளியே போகவே பயம்!

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று மாதங்களுக்கு முன் கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது கழுத்தில் குளவி கொட்டியது. சின்ன வயதில் பலமுறை கொட்டியிருக்கிறது. வீங்கும், இரண்டு நாளில் வற்றிவிடும். இந்த முறை சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, குரல் அடைத்து, மயங்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். இப்போது ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. லேசாக அரித்தாலே நெஞ்சு படபடக்கிறது. பேனா மாதிரி ஓர் அட்ரினலின் ஊசி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடவே கை வரவில்லை. அலர்ஜி மாத்திரை போதும் என்கிறார் கணவர். ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இனி இப்படித்தானா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது. அலர்ஜி மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அதுவும் மெதுவாக. அடைத்த மூச்சுக்குழாயை அது திறக்காது, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அந்த இரண்டையும் செய்வது அட்ரினலின். மாத்திரையைப் போட்டுவிட்டுக் 'கொஞ்ச நேரம் பார்ப்போம்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

சின்ன வயதில் ஒன்றும் ஆகாதது இப்போது ஏன் ஆனது? முன்பு கொட்டியபோது இறங்கிய விஷத்தை உங்கள் உடல் எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டது. எந்தக் கொட்டில் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் 1902-இல் எழுதியது இதைத்தான். கடல் அனிமோன் என்ற கடல்வாழ் உயிரினத்தின் விஷத்தை ஒருமுறை தாங்கிக்கொண்ட நாய்கள், சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்தபோது செத்துப் போயின. இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆக, நீங்கள் எதையும் தப்பாகச் செய்துவிடவில்லை.

இப்போது அந்த ஊசி. பையில் இருந்து என்ன பயன், கை போகாவிட்டால்? மருந்தும் முனையும் இல்லாத பயிற்சிக் கருவி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடம் வருபவர்களை, வீட்டு ஆள் ஒருவரையும் உட்கார வைத்து, சலிக்கும்வரை செய்யச் சொல்வேன். சலிப்பு வந்தால் பயம் பாதி போய்விட்டது என்று அர்த்தம். இடம் தொடையின் வெளிப்பக்கம், நடுவில். துணிக்கு மேலேயே குத்தலாம். குத்தியதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, காலை உயர்த்திப் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காருங்கள். எழுந்து நடக்கக் கூடாது. அப்படித் திடீரென எழுந்து நின்ற நொடியில் உயிர் போனவர்கள் உண்டு. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால்தான் ஒன்று போதாது, எப்போதும் இரண்டு வேண்டும். தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் மறுபடி வரலாம்.

அரிப்பு வந்தாலே படபடப்பு என்கிறீர்கள். இப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு அது வராவிட்டால்தான் ஆச்சரியம். கொட்டு எதுவும் இல்லாமல், தடிப்போ வீக்கமோ குரல் மாற்றமோ வாந்தியோ இல்லாமல், வெறும் படபடப்பு மட்டும் வந்து அரை மணியில் அடங்கினால் பெரும்பாலும் அது பயம்தான். கொட்டியிருந்து, மூச்சோ குரலோ மாறினால், தலை சுற்றினால், யோசிக்காமல் குத்துங்கள். தேவையில்லாமல் குத்திவிட்டால் கை நடுங்கும், இதயம் கொஞ்ச நேரம் வேகமாக அடிக்கும், அடங்கிவிடும். குத்தாமல் விடுவதுதான் பெரிய தவறு. படபடப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உங்கள் மருத்துவர் சொன்னாரா தெரியவில்லை, குளவி விஷ அலர்ஜிக்குச் சிகிச்சை உண்டு. விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, கூட்டிக் கூட்டி, 3 முதல் 5 வருடம் ஊசியாகப் போடுவார்கள். முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கொட்டு இந்த அளவுக்குப் போவதில்லை. எல்லா இடத்திலும் கிடைக்காது, பொறுமையும் வேண்டும். ஆனாலும் உங்களைப் போல மயங்கி விழுந்தவருக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். அதற்கு முன் கொட்டியது குளவிதானா என்று உறுதியாக வேண்டும். கொடுக்கு தோலிலேயே தங்கியிருந்தால் அது பெரும்பாலும் தேனீ. அலர்ஜிப் பரிசோதனையைச் சம்பவம் நடந்தவுடனே செய்தால் தவறாக 'இல்லை' என்று காட்டலாம். மூன்று மாதம் ஆகிவிட்டது, இப்போது தாராளமாகச் செய்யலாம்.

அப்புறம், ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை எழுதவில்லையே? பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அலர்ஜி மருத்துவரிடம் போகும்போது அந்த மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.