கடல் கடந்து தொகுதியைப் பார்ப்பவர்களுக்கு: தேர்தல் கேள்வி–பதில்

கேள்வி: தமிழ்நாட்டில் எங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளருக்கு யூடியூபில் பார்வைகள் எகிறுகின்றன. பிரசாரக் கூட்டமும் அலைமோதுகிறது. ஜெயித்துவிடுவார் என்று நம்பலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அந்தப் பார்வைகளில் எத்தனை உங்கள் தொகுதிக்காரர்களுடையவை? அதை வீடியோ காட்டாது. கூட்டத்துக்குப் பக்கத்துத் தொகுதிகளிலிருந்தும் வேன் வரும். அதனால் வீடியோவை மூடிவிட்டு, போன தேர்தலின் ‘படிவம் 20’-ஐத் திறங்கள். தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது வரிசையாக இருக்கும்.

முதலில் வெற்றி வித்தியாசத்தையும், மூன்றாவதாக வந்தவர் வாங்கிய ஓட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 8,000, மூன்றாமவர் வாங்கியது 20,000 என்றால், அந்த 20,000 இந்த முறை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் முடிவு இருக்கிறது. கூட்டணி மாறியிருந்தால் இரண்டு கட்சிகளின் பழைய ஓட்டையும் அப்படியே கூட்டிப் போடாதீர்கள். தொண்டர்கள் ஒத்துழைக்காத இடத்தில் கணிசமான பகுதி கைநழுவும்.

புதுக் கட்சி அல்லது சுயேச்சை வேட்பாளர் என்றால் முதல் படி, மனுவோடு கட்டிய டெபாசிட்டைக் காப்பாற்றுவது. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,50,000 ஓட்டு பதிவானால் 25,000-ஐத் தாண்ட வேண்டும். சின்னத்தையும் கவனியுங்கள். சுயேச்சைகளுக்கு வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் உறுதியாகும். மக்களிடம் கொண்டுபோக மிஞ்சுவது சில நாட்களே. போதாக்குறைக்கு, அதே பெயரில் வேறு சிலரும் மனு போடுவார்கள். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் நின்றபோது, இன்னும் சில பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்தார்கள்.

கேள்வி: கருத்துக்கணிப்புகள்?
– வாசகி, டொராண்டோ

பதில்: மாநிலப் போக்கைத் தெரிந்துகொள்ளலாம், உங்கள் தொகுதிக்கு உதவாது. 10,000 பேரைக் கேட்டாலும் 234 தொகுதிகளுக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர்கூட வராது. அந்த அளவில் பிழை இரு பக்கமும் சுமார் 15 சதவீதப் புள்ளி.

கேள்வி: வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அனுப்புகிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், மஸ்கட்

பதில்: அவரே கையெழுத்திட்ட படிவம் 26-ஐ. மனுவோடு தரும் இந்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் ஏற்றிவிடும். நிலுவை வழக்குகள், தண்டனைகள், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்துகள், கடன், 5 ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். முன்பு போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு ஏறினால் சொத்து ஏறத்தான் செய்யும். புதிதாக எது சேர்ந்தது என்று பார்ப்பதுதான் சரி. ‘வழக்கு இருக்கிறது’ என்றால் எந்தப் பிரிவு என்றும் படியுங்கள். அனுமதியில்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தியதும் வழக்குதான், கொலை முயற்சியும் வழக்குதான்.

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். இங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா?
– வாசகர், ஷார்ஜா

பதில்: முடியாது. வெளிநாடுவாழ் வாக்காளருக்குத் தபால் ஓட்டும் இல்லை, இணைய ஓட்டும் இல்லை. படிவம் 6ஏ-வில் பதிவு செய்து, வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு சாவடிக்கு நேரில் போக வேண்டும். அவர்களுக்கு வாக்காளர் அட்டை கொடுப்பதில்லை.

சிக்கல் பெரும்பாலும் முகவரியில் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்குதான் பெயர் சேரும். நீங்கள் இப்போது சென்னையில் வீடு வாங்கியிருந்தாலும் பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூர்தான். ஊரில் சாதாரண வாக்காளராகப் பெயர் இருந்தால் அதை விட்டுக்கொடுத்து அட்டையையும் ஒப்படைக்க வேண்டும். 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தத்தில் ‘இடம் பெயர்ந்தவர்’ என்று நீக்கப்பட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். டிக்கெட் போடுவதற்கு முன் பட்டியலில் பெயரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தேர்தல் செலவுக்கு நண்பர்கள் சேர்ந்து பணம் அனுப்பலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: குழுவில் யாராவது அமெரிக்கக் குடிமகன் ஆகியிருந்தால் அவர் பணம் வெளிநாட்டுப் பணம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருந்தாலும் அதே கதை. வேட்பாளரோ கட்சியோ வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, தன் பெயரில், வங்கி வழியாக அனுப்பலாம். எல்லோருடையதையும் ஒருவர் கணக்கில் திரட்டி அனுப்புவதுதான் வம்பு. கட்சிக்குத் தருவது 20,000 ரூபாயைத் தாண்டினால் கட்சி உங்கள் பெயரை ஆணையத்துக்குத் தெரிவிக்கும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய்.

கேள்வி: எண்ணிக்கை நாளில் முன்னிலை மாறி மாறி வருகிறது. எதை வைத்துப் புரிந்துகொள்வது?
– வாசகி, லண்டன்

பதில்: இந்திய நேரம் காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு. கோடை நேரத்தில் உங்களுக்கு அதிகாலை 3.30. இயந்திரங்கள் அரை மணி கழித்து வரும். தபால் ஓட்டில் அரசு ஊழியர்களின் பங்கு அதிகம் என்பதால் முதல் அரை மணி முன்னிலையை வைத்துக் கொண்டாட வேண்டாம், அழவும் வேண்டாம்.

பிறகு பொதுவாக 14 மேசைகள். அதாவது ஒரு சுற்றில் 14 சாவடிகள். சாவடிகள் எண் வரிசைப்படி எண்ணப்படுவதால், முதல் சுற்றில் 1 முதல் 14 வரை, இரண்டாவதில் 15 முதல் 28 வரை. 300 சாவடி என்றால் 22 சுற்று. சாவடிப் பட்டியலை முன்பே இறக்கி, 14, 14-ஆகக் கோடு போட்டு, எந்தக் கோட்டுக்குள் எந்த ஊர் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நகரத்துச் சாவடிகள் 12-ஆவது சுற்றுக்குப் பிறகுதான் என்றால், நகரத்தில் வலுவான வேட்பாளர் அதுவரை பின்தங்கினாலும் பதறத் தேவையில்லை. பழைய படிவம் 20-இல் அந்த ஊரில் அவர் கட்சிக்கு எவ்வளவு விழுந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். ஒரே எச்சரிக்கை: ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று வரம்பைக் குறைத்ததால் பல இடங்களில் சாவடி எண்கள் மாறிவிட்டன. எண்ணை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள்.

டிவியில் வரும் எண்ணும் ஆணையத்தின் தளத்தில் வரும் எண்ணும் வேறுபட்டால் சந்தேகப்பட வேண்டாம். தளத்தில், சுற்று முடிந்து அதிகாரி சரிபார்த்த பிறகுதான் ஏறும். கடைசியில் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகளையும் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்த கருவி அச்சிடும் தாள்) எண்ணுவதால், எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் அறிவிப்பு தாமதமாகலாம்.