ஊர்ச் செய்தித் தளத்துக்கு எந்த உரிமம்? கேள்வி பதில்

சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கத்துத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் செய்தித் தளம் ஒன்று தொடங்கவிருக்கிறது. அதில் வருவதைப் பிறர் எப்படி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உள்ளடக்க உரிமம் பற்றி அவர்கள் கேட்டவையும் பதில்களும் கீழே.

அஸ்தம்பட்டி: சுத்தி வளைக்காம ஒரே பேரா சொல்லுங்கண்ணா, எது?

படைப்புகளைப் பகிர ஆயத்தமாகக் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில் சிசி-பை, அதன் 4.0 பதிப்பு. எழுதியவர் பெயரைப் போட்டுவிட்டு யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்தச் செய்தி அன்றைக்கே நாலு இடத்தில் ஓட வேண்டும். அனுமதி கேட்டுக் காத்திருந்தால் பழைய பேப்பர்தான். விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிசெய்திகள் 2005இல் சிசி-பை 2.5ஐத் தேர்ந்தெடுத்தது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதும் குளோபல் வாய்சஸ் தளமும் சிசி-பை வழிதான்.

ஆத்தூர்: விக்கிப்பீடியா மாதிரி எஸ்ஏ சேர்த்தா என்னங்க? நம்ம எழுத்தை மாத்துறவங்களும் அதே உரிமத்துல தரட்டுமே.

கலைக்களஞ்சியத்துக்கு அது சரி, செய்திக்கு இடைஞ்சல். உங்கள் கட்டுரையை அப்படியே மறுபதிப்பு செய்தால் சிக்கலில்லை. ஒரு நாளிதழ் அதைச் சுருக்கித் தன் நிருபர் எழுதியதோடு கலந்தால், அந்தக் கலவையையும் எஸ்ஏவில்தான் வெளியிட வேண்டும். அதற்குப் பயந்தே எடுக்க மாட்டார்கள்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விக்கிப்பீடியா 2023 முதல் சிசி-பை-எஸ்ஏ 4.0. அங்கிருந்து ஒரு பத்தியை எடுத்து நம் சிசி-பை கட்டுரைக்குள் ஒட்டக் கூடாது. தகவலை எடுத்துச் சொந்த நடையில் எழுதுங்கள். நம்மிடமிருந்து அங்கே கொண்டுபோக, பெயர் குறிப்பிட்டால் போதும்.

மேட்டூர்: தம்பி, நாம இலவசமா உழைக்க, அவன் காசு பண்றதா? வணிகத்துக்கு எடுக்கக் கூடாதுன்னு என்சி போட்டுடலாமே.

கோபம் நியாயம்தான் ஐயா. ஆனால் நாலு விளம்பரம் போட்டு ஓடும் உள்ளூர் வார இதழ்கூட ‘நாம வணிகமோ’ என்று ஒதுங்கிவிடும். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ், என்சி படங்களையும் என்டி (திருத்தி வெளியிடக் கூடாது) படங்களையும் ஏற்பதே இல்லை. என்டி இன்னும் மோசம்: மொழிபெயர்ப்பும் திருத்தம் என்றே கணக்கு, தெலுங்கில் தருவதற்குக்கூடத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்கச் செய்தி நிறுவனம் புரோபப்ளிக்கா என்சி-என்டி வைத்திருக்கிறதே என்பீர்கள். அங்கே சம்பள நிருபர்கள், ஒரே ஆசிரியர் குழு. நம் தளத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவதுதானே வேலையே!

ஓமலூர்: எழுதுறவங்ககிட்ட என்ன எழுதி வாங்கணும்?

இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பத்திரிகை உரிமையாளருக்கு முதல் உரிமை கிடைப்பது வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் எழுதியதற்கு. தன்னார்வலர் ஊழியர் அல்ல, எழுத்து அவருடையது. அவர் சம்மதிக்காமல் தளம் உரிமம் தர முடியாது.

30ஆம் பிரிவுப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனை 2012 திருத்தத்தில் போய்விட்டது. ‘வெளியிடு’ பொத்தானுக்கு மேலேயே இப்படி வையுங்கள்: “இது என் சொந்த எழுத்து. சிசி-பை 4.0 உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன். என் பயனர் பெயரும் கட்டுரை இணைப்பும் குறிப்பிட்டால் போதும்.” பதிப்பு எண்ணை விடாதீர்கள். உரிமத்தின் மூல வாசகத்துக்கு இணைப்பும் கொடுங்கள். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு கொள்கிறது, 30ஏ அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. மூல வாசகத்தில் உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்று தெளிவாக இருக்கிறது. நீங்களாகச் சுருக்கி எழுதினால் அதுதான் விட்டுப்போகும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினால், பின்னால் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும். விக்கிப்பீடியா 2009இல் உரிமம் மாற முடிந்ததே, அதன் பழைய குனூ ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பு அதற்கென்றே ஒரு வழி திறந்துவிட்டதால்தான்.

ஏற்காடு: கோடை விழா மலர்க்காட்சிப் படம் வாட்ஸ்அப்ல வந்துச்சு, போடலாமாண்ணா?

கூடாதும்மா. அனுப்பியவர் எடுத்தவர் அல்ல. எடுத்தவரைக் கண்டுபிடித்து, “இந்தப் படத்தை சிசி-பை 4.0இல் தருகிறேன்” என்று அவர் கையால் ஒரு மின்னஞ்சல் வாங்கிச் சேமியுங்கள். ‘போட்டுக்கோங்க’ என்று மட்டும் சொன்னால் அது நம் தளத்துக்கு மட்டுமான அனுமதி. அப்படிப் போட்டால் படத்தின் கீழேயே ‘சிசி-பை இதற்குப் பொருந்தாது’ என்று எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை வேறு, அதை இந்த உரிமம் தொடாது.

சங்ககிரி: அணை நீர்மட்டம், மரவள்ளிக் கிழங்கு விலைக்கெல்லாம்?

வெறும் எண்ணுக்குப் பதிப்புரிமை கிடையாது. தாராளமாகப் போடுங்கள்.

ஆத்தூர்: பேரே போடாம எடுத்துட்டா?

உடனே வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். மீறினால் அவருக்கு உரிமம் தானாக அறுந்துவிடும். மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் 4.0இல் தானாகத் திரும்பிவிடும். போட வேண்டிய வரியை நீங்களே எழுதி அனுப்புங்கள்: தலைப்பு, எழுதியவர், தளம், இணைப்பு, ‘சிசி-பை 4.0’, மாற்றியிருந்தால் ‘சுருக்கப்பட்டது’. எழுதியவர் மதிப்பைக் கெடுக்கும்படி திரித்திருந்தால், அவர் வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியே இருக்கிறது.

அஸ்தம்பட்டி: மனசு மாறினா திரும்ப வாங்கிக்கலாமா?

முடியாது. நம் தளத்திலிருந்து நீக்கலாம், ஏற்கெனவே எடுத்தவர் கையில் உரிமம் அப்படியே இருக்கும். அதனால் சரிபார்க்காத செய்தியைப் பொதுவில் காட்டாத வரைவுப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாமவர் படித்த பிறகே பொத்தான் திறக்கட்டும்.