1971இல் வென்றது யார்? ஹோவர்ட் கால்பந்து அணி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்து பற்றிய தங்கள் கட்டுரையில், வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி 1971, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய இறுதிப் போட்டியில் வென்றது என்று எழுதியிருந்தீர்கள். சாம்பியன்களின் அதிகாரபூர்வப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 1974 மட்டுமே ஹோவர்டின் பெயரில் இருக்கிறது. தகுதியற்ற வீரர்களை ஆட வைத்ததற்காக 1971ஆம் ஆண்டுப் பட்டம் பறிக்கப்பட்டதாக அறிகிறேன். அப்படியிருக்க, அதையும் வெற்றிக் கணக்கில் சேர்ப்பது முறைதானா?

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு அணி தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருந்திருக்கிறேன். வெளியே கிளப்புகளில் ஆடிக்கொண்டிருப்பவரைப் பெயருக்கு ஒரு பட்ட வகுப்பில் சேர்த்து, கோப்பைக்காக மட்டும் ஆட வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. உண்மையாகவே படிக்க வந்து ஆட்டத்திலும் தேறிய பிள்ளைகள் அதனால் வெளியே உட்கார நேர்ந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: டிரினிடாடிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களைக் கொண்டு வென்ற ஓர் அணியை, உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடிய செயின்ட் லூயிஸ் அணிக்கு நிகராக வைக்க முடியுமா? 1974க்குப் பிறகு ஹோவர்ட் இறுதிப் போட்டிக்கு வந்ததா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

பட்டியலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். 1967இல் செயின்ட் லூயிஸ், மிச்சிகன் ஸ்டேட் என்று இரண்டு சாம்பியன்கள் இருப்பார்கள். வானிலை காரணமாக இறுதி ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டதால் பட்டத்தைப் பகிர்ந்தளித்தார்கள். 1968இல் மேரிலாந்தும் மிச்சிகன் ஸ்டேட்டும் 2-2 என்று சமநிலையில் முடித்ததால் மறுபடியும் இருவர். 1971க்கு வந்தால் ஒருவரும் இல்லை. ஹோவர்டின் பெயரை நீக்கிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., அந்தப் பட்டத்தை இறுதியில் தோற்ற செயின்ட் லூயிஸுக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இன்றும் தன் பட்டங்களைப் பத்து என்றுதான் எண்ணுகிறது, அந்தப் பத்தில் 1971 இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று மயாமி நகரின் ஆரஞ்சு பவுல் அரங்கில் ஹோவர்ட் 3-2 என்ற கணக்கில் செயின்ட் லூயிஸை வென்றது. ஆட்டம் நடந்ததையும் அதன் முடிவையும் எவரும் மறுக்கவில்லை. பட்டம் நிலைத்ததா என்பது வேறு கேள்வி. நான் எழுதியது இறுதிப் போட்டியில் யார் வென்றார்கள் என்பதை; அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கு விடை காண, இரண்டு அணிகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாக வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் கால்பந்து கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களின் விளையாட்டு. அங்குள்ள கத்தோலிக்க இளைஞர் மன்றம் நடத்திய லீக் போட்டிகளில் சிறு வயது முதல் ஒன்றாகவும் எதிராகவும் ஆடி வளர்ந்த பையன்கள், பதினெட்டு வயதில் அப்படியே உள்ளூர் இயேசு சபைப் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்தார்கள். 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய அமெரிக்க அணியின் பதினொருவரில் ஐந்து பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள் என்றால் ஊரின் செழிப்பைப் புரிந்துகொள்ளலாம். அந்த ஐவரில் ஒருவரான ஹாரி கியோ, அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே 1967 முதல் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியளித்து, ஐந்து பட்டங்களை வென்று கொடுத்தார். அதற்கு முன்பிருந்த பாப் கெல்கரும் ஐந்து வென்றிருந்தார். 1959இல் என்.சி.ஏ.ஏ. கால்பந்துப் போட்டி தொடங்கியதிலிருந்து 1973 வரை நடந்த பதினைந்து போட்டிகளில் பத்து, பகிர்ந்துகொண்ட ஒன்றையும் சேர்த்து, இந்த ஓர் அணியிடம் போயிற்று. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதற்கு இணையான ஆதிக்கம் பிறகு வரவில்லை என்பது என் கருத்து. பிற்காலத்தில் எட்டுப் பட்டங்கள் வென்ற இந்தியானாவுக்கு அதற்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஹோவர்டின் ஊற்று வேறு. 1867இல், உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உயர்கல்விக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்து வருவதற்கு வெகு காலம் முன்பே கரீபியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான நம்டி அசிகிவே அங்கே படித்தவர். டிரினிடாட்-டொபாகோவின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் அங்கே பேராசிரியராக இருந்தவர். டிரினிடாடில் பிறந்த ஸ்டோக்லி கார்மைக்கேல் அங்கே பட்டம் பெற்ற பிறகுதான் அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தின் முன்னணிக் குரலானார். செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்துத் தெருப் பங்குப் பையன் எப்படியோ, ஹோவர்டுக்குப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் மாணவன் அப்படி. வேறு சங்கமான என்.ஏ.ஐ.ஏ. நடத்திய தேசியப் போட்டியை 1961இலேயே ஹோவர்ட் வென்றுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; அப்போது 1971 அணியின் பயிற்சியாளர் அங்கே வந்திருக்கவே இல்லை.

அந்தப் பயிற்சியாளர் லிங்கன் பிலிப்ஸ். டிரினிடாட் தேசிய அணியின் கோல்காப்பாளராக இருந்து, அமெரிக்காவில் வாஷிங்டன் டார்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஆடியவரும் பயிற்சியளித்தவரும் அவரே. அவர் வந்த பிறகு அணி மாறியது. முன்பு தனித்தனித் திறமைகளின் கூட்டமாக இருந்தவர்கள் உடல் தகுதியிலும் கட்டுக்கோப்பிலும் எந்தத் தொழில்முறை அணிக்கும் குறையாத நிலைக்கு வந்தார்கள். 1971இல் அவர்கள் எதிர்கொண்ட செயின்ட் லூயிஸ் அணி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன்.

இனி குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தகுதியற்ற வீரர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விதிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் நியாயம் பேச முடியாது. முதலாவது, வெளிநாட்டு மாணவர் விதி. பத்தொன்பது வயதுக்குப் பிறகு வேற்று நாட்டில் ஒருவர் அமைப்புரீதியான போட்டிகளில் ஆடிய ஒவ்வோர் ஆண்டும் அவருடைய கல்லூரி ஆட்டத் தகுதியிலிருந்து ஓராண்டாகக் கழிக்கப்படும் என்பது அது. தன் ஊரில் ஏதோ ஓர் அமெச்சூர் கிளப்பில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டுக் கல்லூரிக்கு வந்த அமெரிக்கருக்கு அந்தக் கழிவு இல்லை. இரண்டாவது, 1.600 விதி. ஒரு மாணவர் முதலாண்டில் குறைந்தது 1.600 தரப்புள்ளி பெறுவார் என்று பள்ளி மதிப்பெண்ணையும் அமெரிக்க நுழைவுத் தேர்வையும் வைத்து முன்கூட்டியே கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு இல்லாதவர் ஆடக் கூடாது. மூன்றாவது, கல்லூரியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தகுதிக் காலத்தை முடித்துவிட வேண்டும் என்ற விதி.

1973 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தண்டனையை அறிவித்தது. 1971ஆம் ஆண்டுப் பட்டம் போயிற்று; 1972இல் பெற்ற மூன்றாம் இடமும் போயிற்று; 1973 போட்டியில் பங்கேற்கத் தடை வந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகமும் அணி வீரர்களில் ஒருவரான மோரி டியானும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1973இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றமும் 1975இல் அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தந்த தீர்ப்பு, உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது. வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குவதைத் தடுக்க விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதற்காக வெளிநாட்டவர் மீது மட்டும் பாயும்படி எழுதப்பட்ட விதி, சட்டத்தின் முன் சமம் என்ற உரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் கண்டது. வெளிநாட்டு மாணவர் விதி செல்லாததாயிற்று. மற்ற இரண்டு விதிகளையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பட்டமும் திரும்பி வரவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்த 1.600 விதியை மீறியதாக ஹோவர்டைத் தண்டித்தார்களோ, அதை அதே 1973 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன் மாநாட்டில் தானாகவே கைவிட்டது.

ஆகவே ஹோவர்ட் குற்றமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடப்பிலிருந்த விதிகளைப் பல்கலைக்கழக நிர்வாகம் கவனமாகப் பின்பற்றவில்லை. அந்தப் பொறுப்பை எந்தத் தீர்ப்பும் துடைக்கவில்லை. தண்டனைக்கு நிறவெறியே அடிப்படை என்று பிலிப்ஸும் வீரர்களும் கருதினார்கள், இன்றும் பலர் அப்படியே எழுதுகிறார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள் ஆடிய ஒரு விளையாட்டில் கறுப்பினக் கல்லூரி ஒன்று முதல் முறையாகச் சிகரம் தொட்டவுடன் அதன் கோப்புகள் மட்டும் துருவப்பட்டன என்று அவர்கள் எண்ணியதற்கு அந்தக் காலத்தின் சூழலே போதுமான காரணம். எனினும் அந்த வாதத்தை முழுவதுமாக ஏற்க எனக்கு ஒரு தடை உண்டு. வெளிநாட்டு மாணவர்களை வைத்து வலுப்பெற்ற மற்றோர் அணியான சான் பிரான்சிஸ்கோவின் 1978ஆம் ஆண்டுப் பட்டமும் தகுதிப் பிரச்சினையால் இதே போல நீக்கப்பட்டது. இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, கடல் கடந்து வந்த ஆட்டக்காரன் மீதான ஐயமே இரண்டுக்கும் பொதுவான இழை என்று எனக்குப் படுகிறது; ஹோவர்டைப் பொறுத்தவரை நிறம் அதன் மேல் மற்றோர் அடுக்காகச் சேர்ந்திருக்கலாம்.

நீங்கள் உங்கள் தேர்வுக் குழுக்களில் பார்த்த பெயரளவு மாணவர்களை இங்கே பொருத்த முடியாது என்பதற்கும் இதுவே காரணம். வகுப்புக்கே வராதவரை அணியில் சேர்ப்பது மோசடி. அதைக் கண்டு நீங்கள் கொள்ளும் கோபம் நியாயமானது. அப்படி ஓர் அணி வென்றால் அதன் பெயரை நீக்குவதற்கு நானும் கை தூக்குவேன். ஆனால் ஒருவர் எங்கே பிறந்தார், சேர்வதற்கு முன் எங்கே ஆடினார் என்பதை வைத்து அவர் மாணவரா என்று முடிவு செய்ய முடியாது. உள்ளூர்ப் பையன்களின் அணி என்பதில் ஓர் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. செயின்ட் லூயிஸின் வரலாற்றை நான் விரும்பிப் படிப்பதே அதனால்தான். அந்த அழகு ஆட்டத் தகுதிக்கான அளவுகோல் ஆகாது.

1974 நடந்திராவிட்டால் இந்த விவாதம் வழக்கறிஞர்களோடு முடிந்திருக்கும். தடை நீங்கித் திரும்பிய ஹோவர்ட் அந்த ஆண்டு பத்தொன்பது ஆட்டங்கள் ஆடிப் பத்தொன்பதிலும் வென்றது. இறுதிப் போட்டி நடந்தது செயின்ட் லூயிஸ் நகரத்தின் புஷ் அரங்கில். எதிரே அதே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், மீண்டும் முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியனாக. நடுவர்களையும் ஏற்பாடுகளையும் ஐயுற இம்முறை யாருக்கும் இடமில்லை, ஏனென்றால் ஊரும் பார்வையாளர்களும் எதிரணிக்கே உரியவர்கள். உரிய நேரத்தில் 1-1. கூடுதல் நேரம் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு நான்காவது கூடுதல் நேரத்தை எட்டியபோது கென்னத் இலோடிக்வே கோல் அடித்தார், 2-1. கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட கல்லூரி ஒன்று என்.சி.ஏ.ஏ.வின் உயர்ந்த பிரிவில் வென்று, பட்டியலிலும் நிலைத்த முதல் பட்டம் அது. செயின்ட் லூயிஸ் அதற்குப் பிறகு ஒரு பட்டமும் வெல்லவில்லை. ஹோவர்டிடம் தோற்றதால் அந்த வீழ்ச்சி வந்தது என்று கதை கட்டுவது எளிது. ஆனால் உண்மைக் காரணம், மற்றப் பல்கலைக்கழகங்களும் கால்பந்துக்குப் பணமும் உதவித்தொகையும் ஒதுக்கத் தொடங்கி, ஒரே ஊரின் பங்கு லீக்குகளை நம்பிய அணிக்கு இருந்த முன்னிலை கரைந்ததுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது. ஆம், ஹோவர்ட் இன்னொரு முறை இறுதிக்கு வந்தது. 1988இல் புளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கிலேயே அதை எதிர்த்து ஆடி 0-1 என்று தோற்றது. அப்போதைய ஹோவர்ட் அணியின் கோல்காப்பாளர் ஷாகா ஹிஸ்லப், பின்னர் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடியவர்; 2006 உலகக் கோப்பையில் டிரினிடாட்-டொபாகோ சுவீடனை 0-0 என்று தடுத்து நிறுத்திய ஆட்டத்தில் அந்தக் கோலைக் காத்தவரும் அவரே. 1988க்குப் பிறகு ஹோவர்ட் இறுதிப் போட்டிக்கு வரவில்லை.